மூலமும் கேட்டையும் சேர்ந்த கடவுச்சொல்

கணினியில் இயங்குதளத்தைப் புதிதாக ஏற்றும்போது, கடவுச்சொல் கேட்கும் ஒரு கட்டம் வரும். நீங்கள் தட்டத் தட்ட அதற்குக் கீழே ஒரு கோடு நீளும். முதலில் சிவப்பு, பிறகு மஞ்சள், கடைசியில் பச்சை. பச்சை வந்ததும் பக்கத்தில் 'ஸ்ட்ராங்' என்று ஒரு சொல் தோன்றும். வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்தப் பச்சையைப் பார்த்ததும் ஒரு நிம்மதி வரும். எனக்கும் வந்தது. அந்த நிம்மதியால் கிள்ளானில் ஒரு கல்யாணம் நின்றுபோகப் பார்த்தது.

புதியவர்களுக்காக ஏதாவது எழுதித் தாருங்கள் என்று அலுவலகத்தில் கேட்டபோது, என் திறமைகளைப் பட்டியல் போடுவேன் என்று எதிர்பார்த்திருப்பார்கள். ஓய்வு பெற்றவளுக்குத் திறமையைப் பற்றிப் பேசி ஆகப்போவது ஒன்றுமில்லை. சொதப்பியதைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள். சிரித்த விஷயம் மறக்காது.

நான் வேலையை விடுவதற்குச் சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. பிரிக்ஃபீல்ட்ஸில் ஒரு மலையாளிச் சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில் தேவயானி என்ற அம்மா கல்யாணத் தரகு அலுவலகம் நடத்திவந்தார். அறுபது வயதைத் தாண்டியவர். ஒரு மேசை, ஒரு கணினி, வருபவர்கள் உட்கார நான்கு நாற்காலிகள். அம்பாங்கிலிருந்து கிள்ளான் வரை அவர் பார்த்துக் கொடுத்த ஜோடிகள் ஏராளம். நான் கருவிப்பையோடு படியேறிப் போய் வாசலில் நின்றபோது, எனக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"கம்ப்யூட்டர் செய்ய ஆள் வரலையாம்மா?"

"நான்தான் ஆன்டி ஆள்."

மேலும் கீழும் ஒரு பார்வை பார்த்தார். "கல்யாணம் ஆயிடுச்சா?"

"ரெண்டு பிள்ளைங்க இருக்காங்க ஆன்டி."

"அப்ப சரி, உக்காரு."

அவர் எங்களை அழைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. அந்தக் கணினிக்கு அதுவரை பூட்டே இல்லை. சில வாரங்களுக்கு முன் காத்திருந்த ஒருவர், ஆன்டி கீழே காப்பி வாங்கப் போன நேரத்தில் திரையைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்திருக்கிறார். ஒரு பெண்ணின் கோப்பு திறந்திருந்தது. அவளுக்கு முன்பு ஒரு நிச்சயதார்த்தம் நடந்து முறிந்துபோனதை ஆன்டி தன் குறிப்புக்காக அதில் எழுதி வைத்திருந்தார். ஒரே வாரத்தில் அந்தச் செய்தி ஊரெல்லாம் சுற்றி, அவளுக்கு வந்துகொண்டிருந்த வரன் நின்றுபோனது. அந்தப் பெண் ஒருநாள் நேரில் வந்து, கோபப்படாமல், "ஆன்டி, என் பைலைத் தூக்கிடுங்க" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனாளாம். இதைச் சொல்லும்போது ஆன்டி என்னைப் பார்க்கவில்லை. மேசை ஓரத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எனக்கு நல்ல பூட்டா வேணும் லோகா. நான் தொறந்தாத்தான் தொறக்கணும்."

அன்று வியாழக்கிழமை. அவருடைய கோப்புகளை எல்லாம் கருவிப்பையில் கொண்டுவந்திருந்த என்னுடைய கைவட்டில் பத்திரமாக எடுத்து வைத்துக்கொண்டு, கணினியைத் துடைத்துப் புதிதாக ஏற்றத் தொடங்கினேன். முழு வட்டையுமே பூட்டிவிடும் வசதி ஒன்று உண்டு. அதைத் தேர்ந்தெடுத்தால் கணினி உயிர் பெறும்போதே கடவுச்சொல் கேட்கும். மறந்துவிட்டால் நானும் திறக்க முடியாது, செய்து விற்றவனும் திறக்க முடியாது. அந்த எச்சரிக்கையை ஆன்டிக்குப் படித்துக் காட்டினேன்.

"அதான் வேணும்" என்றார்.

விசைப்பலகையை அவர் பக்கம் தள்ளினேன். ஒற்றை விரலால் முருகன் பெயரைத் தட்டினார். கோடு சிவப்பாக நின்றது.

"என்ன சொல்லுது?"

"வீக்னு சொல்லுது ஆன்டி."

"முருகன் வீக்கா?"

"சாமி இல்ல ஆன்டி, பாஸ்வேர்ட். எல்லாரும் வைக்கிற பேருன்னு அதுக்குத் தெரியும்."

தன் பெயரைப் போட்டார். பயனர் பெயரே கடவுச்சொல்லில் இருக்கிறது என்று மறுத்தது. ஒன்று முதல் எட்டு வரை வரிசையாகப் போட்டார். மிகவும் வரிசையாக இருக்கிறது என்றது. கீழே இருந்து பொரியல் தாளிக்கும் வாசனை வந்தது. ஆன்டி ஒரு கணம் யோசித்து, 'malayalam' என்று தட்டினார். அதையும் மறுத்தது. காரணம் என்ன என்று கேட்டார். பின்னாலிருந்து படித்தாலும் அதே சொல்தான் வருகிறதாம் என்றேன்.

ஆன்டி விரலை எடுத்துவிட்டு, சொல்லை எழுத்தெழுத்தாக மனதுக்குள் பின்னாலிருந்து படித்துப் பார்த்தார். "அட, ஆமா லா. நாப்பது வருஷமா அவங்க கடைக்கு மேல இருக்கேன், எனக்கே தெரியாது." அதன் பிறகு அவர் அந்தக் கோட்டைப் பார்த்த பார்வையில் ஒரு மரியாதை வந்துவிட்டது. முன்பின் தெரியாத ஒரு ஜோசியர் திடீரென்று சரியாக எதையோ சொல்லிவிட்டால் வருமே, அந்த மாதிரி.

"யாரும் சேத்து யோசிக்கவே மாட்டாத ரெண்டு வார்த்தையைச் சேத்து வையுங்க ஆன்டி" என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. 'moolamkettai' என்று தட்டினார். மூலம், கேட்டை. பெண்ணுக்கு மூலம் என்றால் மாமனாருக்கு ஆகாது, கேட்டை என்றால் கணவனின் அண்ணனுக்கு ஆகாது என்று நம் ஆட்கள் வரனைத் தட்டிக்கழிக்கிற இரண்டு நட்சத்திரங்கள். அந்த இரண்டையும் எந்தத் தரகரும் ஒரே மூச்சில் சொல்லமாட்டார். கோடு சிவப்பைத் தாண்டி மஞ்சளில் நின்றது.

நான் அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நீளமான சொல், அவருக்கு மறக்க வாய்ப்பே இல்லாத சொல், வேறு யாருக்கும் தோன்றாத சொல். ஆனால் மஞ்சள் என்னை உறுத்தியது. ஆன்டி திருப்தியோடு நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். நான்தான், "கொஞ்சம் மாத்தினா பச்சை வந்துடும் ஆன்டி" என்றேன். இரண்டு சொல்லிலும் முதல் எழுத்தைப் பெரிதாக்குங்கள் என்றேன். இரண்டு 'o'வில் ஒன்றைப் பூஜ்யமாக்குங்கள் என்றேன். நடுவில், மின்னஞ்சல் முகவரியில் வருமே அந்த '@' குறியைப் போடச் சொன்னேன். கடைசியில் உங்களுக்குப் பிடித்த எண் ஒன்று என்றேன். பச்சை வந்தது.

ஆன்டி கைதட்டினார். "மூலமும் கேட்டையும் சேந்தா ஸ்ட்ராங்கா! இத்தனை வருஷமா நான் ஜனங்ககிட்ட என்னத்தைச் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்!"

எல்லாம் ஏறி முடிந்து கணினி மறுபடி உயிர் பெற்றபோது ஆன்டி அந்தச் சொல்லைத் தட்டித் திறந்தார். கோப்புகளைத் திரும்ப ஏற்றிக் கொடுத்தேன். ஆன்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பிப் பார்த்தார். '@' விசையை அழுத்தினால் திரையில் மேற்கோள் குறி விழுந்தது. தொடக்கத்தில் மொழி கேட்டபோது, நம் பள்ளிகளில் படிப்பது பிரிட்டிஷ் ஆங்கிலம்தானே என்று அதைத் தேர்ந்தெடுத்திருந்தேன். கணினி விசைப்பலகையையும் பிரிட்டிஷ் வகை என்று எடுத்துக்கொண்டுவிட்டது. ஆன்டியின் விசைப்பலகையோ நம் ஊரில் எங்கும் விற்கும் அமெரிக்க வகை. அரை நிமிடத்தில் அந்த அமைப்பை மாற்றினேன். வாடிக்கையாளரின் தகவலோடு வீட்டுக்குப் போகக் கூடாது என்பது நம் அலுவலக விதி. அதனால் என் கைவட்டில் இருந்த பிரதியை அங்கேயே அழித்தேன். கணினியை இன்னொரு தடவை அணைத்துப் போட்டுப் பார்க்காமல் பையை மாட்டிக்கொண்டு படியிறங்கினேன். விதியை ஒழுங்காகப் பின்பற்றியதில் எனக்கு ஒரு பெருமைகூட இருந்தது.

மறுநாள் காலை ஒன்பதே முக்காலுக்கு ஆன்டி அழைத்தார்.

"லோகா, உன் பூட்டு தொறக்க மாட்டேங்குது."

"எப்படித் தட்டினீங்க ஆன்டி?"

"எப்படின்னா? எந்த 'ஓ'வை நீ பூஜ்யமாக்கினே, எதைப் பெருசாக்கினே, ஒண்ணும் ஞாபகம் இல்ல. அதான் எழுதி வச்சேன்."

"எழுதினதைப் பாத்துத் தட்டுங்க."

"நீ வாயேன்" என்றார்.

போனேன். சுவரில் மாட்டியிருந்த, தினம் ஒரு தாள் கிழிக்கும் நாட்காட்டியின் முன்னால் ஆன்டி நின்றுகொண்டிருந்தார். கடவுச்சொல்லை ஒருவரும் பார்க்காத இடத்தில் வையுங்கள் என்று நான் முந்தின நாள் சொல்லியிருந்தேன். அவர் அதை வியாழக்கிழமைத் தாளின் பின்பக்கத்தில் எழுதியிருக்கிறார். தாள் தொங்கும்வரை பின்பக்கத்தை யாரும் பார்க்கமாட்டார்கள், சரியான இடம்தான். ஆனால் வெள்ளிக்கிழமை காலையில் வந்ததும் வழக்கப்படி பழைய தாளைக் கிழித்திருக்கிறார். கோவிலிலிருந்து கொண்டுவந்த குங்குமத்தை அதில் மடித்து, அப்போது வந்திருந்த ஒரு வாடிக்கையாளர் கையில் கொடுத்தும் அனுப்பிவிட்டார்.

"யாருகிட்ட ஆன்டி?"

"குணாகிட்ட."

குணசேகரன் கிள்ளானுக்குப் பக்கத்தில் பண்டமாரானில் இருப்பவர். துறைமுகத்தில் பளுதூக்கி இயந்திரம் ஓட்டி ஓய்வு பெற்றவர். அன்று நடுப்பகலில் அவர் வீட்டுக்குச் சுங்கை பூலோவிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் அவர் மகள் ஷர்மிளாவைப் பார்க்க வருகிறார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா இரண்டு ஜாதகங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டாராம். பன்னிரண்டு மணிக்குள் இரண்டையும் அனுப்பிவிடுகிறேன் என்று ஆன்டி வாக்குக் கொடுத்திருந்தார். ஆன்டி அந்தக் கணினியிலேயே கணித்தவை, இரண்டுமே பூட்டுக்குள் இருந்தன. அவை மட்டுமா, அவருடைய வாழ்நாள் உழைப்பு முழுவதும் அதற்குள்தான் இருந்தது. வேறு பிரதி கிடையாது. இருந்த ஒரே பிரதியை முந்தின நாள் சாயங்காலம் நான் அழித்திருந்தேன்.

இதை நான் ஆன்டியிடம் சொல்லவில்லை. பூஜ்யத்தை முன்னால் வைத்து, பின்னால் வைத்து, எண்ணை மாற்றி, எழுத்தை மாற்றி நாங்கள் இருவரும் ஏறக்குறைய ஒரு மணி நேரம் தட்டினோம். ஒவ்வொரு முறையும் தவறு என்றது.

"குணாவுக்குப் போன் போடு" என்றார் ஆன்டி.

"தாளை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லலாமே ஆன்டி."

"வேணாம் வேணாம். குணா எந்தப் படம் எடுத்தாலும் முதல்ல குடும்ப குரூப்புக்குத்தான் போகும். போன மாசம் அவரு ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டு எங்க எல்லாருக்கும் வந்துச்சு."

வாயால் சொன்னால் தடயம் இருக்காது, அதுதான் பாதுகாப்பு என்று நானும் நினைத்தேன். துறைமுகத்து இரைச்சலில் பல வருடம் வேலை பார்த்ததால் குணசேகரனுக்குக் காது மந்தம். தொலைபேசியை எப்போதும் ஒலிபெருக்கியில் போட்டுத்தான் பேசுவார். அது எனக்குத் தெரியாது. மாப்பிள்ளை வீட்டார் முக்கால் மணி நேரம் முன்னதாகவே வந்து கூடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள் என்பதும் தெரியாது.

ஆன்டி தன் தொலைபேசியையும் ஒலிபெருக்கியில் போட்டு விஷயத்தைச் சொன்னார். குணசேகரன் பூஜை அறைக்குப் போய்க் குங்குமப் பொட்டலத்தை எடுத்துவந்தார். துறைமுகத்தில் கத்திப் பழகிய குரலில் படிக்கத் தொடங்கினார்.

"ஆமா ஆன்டி, இருக்கு! மூலம்னு போட்டிருக்கு! அப்புறம் ஜாங்கிரி மாதிரி ஒண்ணு. அப்புறம் கேட்டை!"

அந்தப் பக்கம் கூடத்தில் இருந்த பேச்சு மொத்தமாக நின்றது. தம்ளர் ஒன்றைத் தட்டில் வைக்கும் ஓசை மட்டும் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல்.

"யாருக்கு மூலம்? யாருக்குக் கேட்டை?"

அது மாப்பிள்ளையின் அம்மா. ஆன்டி தொலைபேசியின் வாயைக் கையால் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நானும் அவரைப் பார்த்தேன்.

"அலாமாக்" என்றார் ஆன்டி, 'ஐயோ' என்கிற தொனியில், மிக மெதுவாக.

கூடத்தில் நடந்ததை ஷர்மிளா பிற்பாடு எனக்குச் சொன்னாள். மாப்பிள்ளையின் அப்பா, மூலம் என்ற சொல் காதில் விழுந்ததும் கையை நெஞ்சில் வைத்துக்கொண்டாராம். மாப்பிள்ளையின் அண்ணன் கடித்த பலகாரத்தை விழுங்காமல் அப்படியே வாயில் வைத்திருந்தாராம். பெண்ணின் நட்சத்திரத்தை மாற்றிச் சொல்லி ஏமாற்றப் பார்த்திருக்கிறார்கள், தரகர் போனில் சொல்லிக்கொடுக்கிறார் என்று அவர்கள் எண்ணிக்கொண்டதில் தப்பு ஒன்றும் இல்லை. நான் அந்தக் கூடத்தில் உட்கார்ந்திருந்தால் நானும் அப்படித்தான் எண்ணியிருப்பேன்.

"நான் உண்மையைச் சொல்லிடறேன் ஆன்டி" என்றேன்.

"பாஸ்வேர்டுன்னு சொல்லுவியா? அப்ப ஊருக்கே தெரிஞ்சிடுமே. இதுக்கா பூட்டு போட்டோம்?"

இந்த இடத்தில்தான் உங்களைக் கொஞ்சம் நிறுத்த விரும்புகிறேன். கடவுச்சொல்லைக் காப்பாற்று என்றுதான் எல்லாப் பயிற்சியிலும் சொல்லித் தருகிறார்கள். ஆனால் அந்தக் கடவுச்சொல் அந்த நிமிடமே செத்துவிட்டது. செத்ததைப் பொத்திப் பொத்தி வைப்பதில் பயன் இல்லை. வேறொன்றை வைத்துக்கொள்ளலாம். ஷர்மிளாவின் நல்ல பெயருக்குப் பதிலாக வேறொன்று வைக்க முடியாது. ஏற்கெனவே ஒரு பெண், தப்பு எதுவும் செய்யாமல், இந்தக் கணினியால் தலை குனிந்திருக்கிறாள்.

ஆன்டியின் கையிலிருந்து தொலைபேசியை வாங்கினேன்.

"வணக்கம்மா. நான் கம்ப்யூட்டர் செய்ய வந்தவ, என் பேரு லோகா. நீங்க கேட்டது யாரோட நட்சத்திரமும் இல்ல. இங்க இருக்கிற கம்ப்யூட்டரோட பாஸ்வேர்ட். நேத்து நான்தான் வைக்கச் சொன்னேன்."

"பாஸ்வேர்டா? வைக்கிறதுக்கு வேற நல்ல பேரே கிடைக்கலையாம்மா?"

"நல்ல பேரெல்லாம் வீக்னு சொல்லிடுச்சும்மா."

நான் உண்மையைத்தான் சொன்னேன். ஆனால் அவர் அதை நம்பவில்லை. நம்பும்படியாகவும் இல்லை. "சரி, அது பாஸ்வேர்டுன்னா அதைப் போட்டு இப்பவே தொறங்க. தொறந்து ஜாதகத்தை அனுப்புங்க. நாங்க இங்கயே லைன்ல இருக்கோம்" என்றார்.

அப்போது ஷர்மிளா வந்து அப்பாவின் கையிலிருந்து தாளை வாங்கினாள். அவள் துறைமுகத்தில் சரக்கு அனுப்பும் அலுவலகம் ஒன்றில் வேலை பார்ப்பவள். நாள் முழுக்கக் கொள்கலன் எண்களைத் தொலைபேசியில் ஒப்பித்துக்கொண்டிருப்பதுதான் அவள் வேலை. மாப்பிள்ளை பார்க்க வந்த நாளில், பட்டுப் புடவையில், எல்லார் முன்னாலும் நின்றுகொண்டு அதே குரலில் ஆரம்பித்தாள்.

"அக்கா, நோட் பண்ணிக்கங்க. எம் ஃபார் மலாக்கா, பெரிய எழுத்து. அடுத்தது ஸீரோ, நம்பர். அப்புறம் ஓ ஃபார் ஓரஞ்ச், சின்னது. எல் ஃபார் லோரி, சின்னது. ஏ ஃபார் அம்பாங், சின்னது. எம் சின்னது. அட். கே ஃபார் கிள்ளான், பெரிய எழுத்து…" கடைசி எழுத்து வரை தடுமாறவில்லை. "முடிவுல ஒரு நம்பர் இருக்கு. நாலா ஒன்பதா தெரியல. குங்குமம் ஒட்டியிருக்கு."

"நாலு" என்றார் ஆன்டி என் தோளுக்குப் பின்னாலிருந்து. "கேட்டை நாலாம் பாதம்னுதான் போட்டேன்."

ஒவ்வொரு விசையாக, உரக்கச் சொல்லிக்கொண்டே தட்டினேன். நுழைவு விசையை அழுத்தினேன்.

தவறான கடவுச்சொல்.

மறுபடியும் தட்டினேன். தவறு. தொலைபேசியில் பெரியப்பாவின் குரல் கேட்டது: "கெளம்புவோமா?"

அந்த நிமிடத்தில் என் மண்டைக்குள் ஓடியதை மறைக்காமல் சொல்கிறேன். கணினியே கெட்டுவிட்டது என்று சொல்லிவிடலாம் என்று தோன்றியது. எல்லாவற்றையும் துடைத்துவிட்டுப் புதிதாக ஏற்றினால், வட்டு பழுது என்று சொல்லிப் பழியை வட்டின் மீது போட்டுவிடலாம் என்றும் தோன்றியது. ஆன்டிக்குத் தெரியவே போவதில்லை. கை பதறும்போது நம் தொழிலில் முதலில் கிடைக்கிற வழி எப்போதும் துடைக்கிற வழிதான். துடைத்த பிறகு யோசிப்பதற்கு எதுவும் மிஞ்சாது.

இரண்டு கைகளையும் விசைப்பலகையிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"என்னம்மா ஆச்சு?" என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

"ஒரு நிமிஷம் யோசிக்கிறேன்மா."

"யோசிக்கிறாளாம்" என்று அவர் யாரிடமோ சொன்னது கேட்டது.

நேற்று இதே சொல் இதே கணினியைத் திறந்தது. இன்று திறக்கவில்லை. சொல் மாறவில்லை, தட்டும் விரலும் சரியாக இருக்கிறது. நேற்றிலிருந்து நான் எதை மாற்றினேன்? அந்தக் கேள்வியை எனக்கு நானே இரண்டு தடவை கேட்டேன். இரண்டாவது தடவையில் மின்னஞ்சல் நினைவுக்கு வந்தது. விசைப்பலகை!

கடவுச்சொல்லை வைத்தபோது கணினி பிரிட்டிஷ் வகையில் இருந்தது. ஆன்டி '@' என்று நினைத்து அழுத்தினார். உள்ளே போனது மேற்கோள் குறி. திரையில் வெறும் புள்ளிகள்தானே தெரியும், நாங்கள் இருவரும் பார்க்கவில்லை. அதன் பிறகு நான் வகையை மாற்றிவிட்டேன். இன்று '@' அழுத்தினால் உண்மையிலேயே '@' போகிறது. கணினி சொன்னதில் பிசகே இல்லை. தாளில் எழுதியிருந்ததுதான் ஒருபோதும் கடவுச்சொல்லாக இருந்ததில்லை.

மறுபடி தட்டினேன். '@' வரும் இடத்தில் மேற்கோள் குறியை அழுத்தினேன். நான்கு. நுழைவு.

திறந்தது.

ஆன்டி என் தலையில் கைவைத்து ஏதோ முணுமுணுத்தார். இரண்டு ஜாதகங்களையும் தேடி எடுத்து உடனே அனுப்பினேன். அந்தப் பக்கம் கைப்பேசி கிணுகிணுக்கும் ஓசை கேட்டது. பெரியப்பா கண்ணாடியைக் கேட்டார். எல்லாரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

"பொண்ணுக்கு உத்திரம்" என்றார் அவர் கடைசியில். "மூலமும் இல்ல, கேட்டையும் இல்ல. சரியாத்தான் இருக்கு."

அதோடு முடிந்திருக்கும். ஆனால் அதுவரை வாயே திறக்காத மாப்பிள்ளை பிரகாஷின் குரல் கேட்டது.

"அம்மா, கேட்டை நான்தானே?"

"நீ ஆம்பளைடா" என்றார் அம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

"அப்ப இவ்வளவு நேரம் எதுக்கும்மா பயந்தீங்க?"

யாரோ சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் இருமினார்கள். அது ஷர்மிளா என்று பிறகு தெரிந்துகொண்டேன். அவளே தொலைபேசியை எடுத்துக் கேட்டாள்: "ஆன்டி, ஆம்பளைக்குக் கேட்டைன்னா பரவாயில்லையா? நீங்க சொல்லுங்க."

ஆன்டி என்னிடமிருந்து தொலைபேசியை வாங்கினார். எப்போதும் இரண்டு பக்கமும் நோகாமல் ஏதாவது ஒன்றைச் சொல்லி நழுவிவிடுகிறவர். அன்று அப்படிச் செய்யவில்லை.

"இங்க பாருங்க. இத்தனை வருஷமா நான் கல்யாணம் பண்ணி வைக்கிறேன். மூலத்தால செத்த மாமனாரை இதுவரைக்கும் ஒருத்தரைக்கூட நான் பாத்ததில்ல. சக்கரையால செத்தவங்க நெறைய பேரு. அந்தப் பலகாரத்தை மொதல்ல அப்பாகிட்டருந்து தூர வைங்க."

கூடம் முழுவதும் சிரித்தது. மாப்பிள்ளையின் அப்பா ஒருவர் மட்டும் சிரிக்கவில்லையாம். தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாராம்.

அவர்கள் உடனே நிச்சயம் செய்துவிடவில்லை. ஷர்மிளாவும் பிரகாஷும் சில மாதங்கள் பேசிப் பழகிய பிறகுதான் சம்மதம் சொன்னார்கள். கிள்ளானில் நடந்த கல்யாணத்துக்கு என்னையும் அழைத்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா என் கையைப் பிடித்துக் கூட்டிப் போய், "இவங்கதான் எங்க பாஸ்வேர்டு அக்கா" என்று சொந்தக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அறிமுகப்படுத்தினார். விளக்கம் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது.

அந்த வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். தொலைபேசியை வைத்த பிறகு, பிரதியை அழித்ததை ஆன்டியிடம் சொன்னேன். திறக்காமல் போயிருந்தால் எல்லாமே போயிருக்கும், அது என் தவறு என்றேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் திட்டவில்லை.

"தொறந்தப்புறம் சொல்றே. தொறக்காட்டி சொல்லியிருப்பியா?"

சொல்லியிருப்பேன் என்றுதான் இன்றும் நினைத்துக்கொள்கிறேன். உறுதியாகத் தெரியாது. உங்களுக்கும் அப்படி ஒரு நாள் வரும். அன்றைக்கு இந்த அம்மா கேட்ட கேள்வி நினைவுக்கு வந்தால் போதும்.

ஒரு புதிய வட்டை வாங்கி வந்து, அவருடைய கோப்புகளுக்குப் பூட்டோடு ஒரு பிரதி எடுத்து, அவருடைய இரும்பு அலமாரியிலேயே வைத்துப் பூட்டச் சொன்னேன். பிறகு பழைய கடவுச்சொல்லை மாற்றும் கட்டத்தைத் திறந்துவிட்டு, எழுந்து போய் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கீழே தெருவில் பூக்கடைக்காரர் மாலைகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பின்னால் ஒற்றை விரல் தட்டும் ஓசை வெகு நேரம் கேட்டது.

"மஞ்சள்தான் வருது லோகா."

"நீளமா இருக்கா ஆன்டி?"

"நீளம்தான்."

"வேற யாருக்காவது தோணுமா?"

"தோணாது. தெரிஞ்ச ஆளு இப்ப யாரும் இல்ல."

"நாளைக்கு உங்களுக்கு ஞாபகம் இருக்குமா?"

ஊருக்கெல்லாம் கல்யாணம் பண்ணி வைத்த அவர் தனியாகத்தான் இருந்தார். ஏன் என்று நான் ஒரு நாளும் கேட்டதில்லை.

"அது மறக்காது லா" என்றார்.

மஞ்சளோடு விட்டேன். கணினியை அணைத்துப் போட்டு, அணைத்துப் போட்டு, மூன்று தடவை அவரையே தட்டச் சொன்னேன். நான் ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. மூன்று தடவையும் முதல் முயற்சியிலேயே திறந்தது. அதற்குப் பிறகுதான் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.